பாத்தியில் என்ன போடுவது

எங்கள் வீட்டுக் கொல்லை ஓசூரை ஒட்டிய சானமாவுக் காட்டைப் பார்த்து இருக்கிறது. நடுவில் ஒரு ராகிக் காடு, வறண்ட ஓடை ஒன்று, அதற்கப்புறம் மரங்கள்தான். இந்த மனையை வாங்கியபோது தெரிந்தவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். "ரோட்டுப் பக்கம் மனையே கிடைக்கலையா, ஆனை வர்ற பக்கமா பாத்து வாங்கியிருக்கீங்க" என்றார்கள். ரோட்டுப் பக்கத்து மனைகளில் வீடு கட்டினால் மிச்சம் ஒரு சாண் மண் இருக்காது. எனக்கு மண்தான் வேண்டியிருந்தது. "இவ தோட்டம் வாங்கினா, அதுல மழைக்கு ஒதுங்க ஒரு வீடு கட்டிக்கிட்டோம்" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். உண்மை அதுதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களைப் பெற்றவர்களும் அப்படித்தான். நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள், ராகி அறுத்தார்கள், கடலை பிடுங்கினார்கள். ஆனால் இந்தத் தடவை இங்கே என்ன போடலாம் என்று ஒருத்தர்கூட அவர்களைக் கேட்டதில்லை. அதை முடிவு செய்கிறவர்கள் வரப்பில் நின்றார்கள். நான் படித்து ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனியில் லைனில் நின்றேன். அங்கேயும் எந்த ஓட்டையில் எந்தப் பாகத்தைச் சொருக வேண்டும் என்று எதிரே இருக்கும் திரை சொல்லும். சொருகிச் சொருகி முதுகு போனது, வேலையை விட்டேன். என் கையில் ஒரு துண்டு மண் இருக்க வேண்டும், அதில் என்ன முளைக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டும். இதற்கு மேல் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை, ஆனால் இந்த ஒன்றை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பாகலூர் ரோட்டில் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. போனதும் பூத்துக் குலுங்குகிற செடியைத் தூக்கிக் காட்டுவார்கள். பூத்த செடியை நான் வாங்கவே மாட்டேன். அது தன் பலத்தையெல்லாம் கடைக்காரருக்காகச் செலவழித்துவிட்டு நம் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். குட்டையாக, தண்டு தடித்து, பக்கக் கிளை விட்டுக்கொண்டு, ஒரு மூலையில் கவனிப்பார் இல்லாமல் நிற்குமே, அதைத்தான் எடுப்பேன். இலையைத் திருப்பி அடியில் வெள்ளைப் பூச்சி இருக்கிறதா பார்ப்பேன். கவரின் அடியில் வேர் சுருண்டு வெளியே எட்டிப் பார்த்தால் வைத்துவிடுவேன். ரோஜாவாக இருந்தால் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன், அந்த முடிச்சுக்குக் கீழே கிளை விட்டிருந்தால் அது காட்டுச் செடியின் கிளை. "என்னாக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க" என்று நர்சரிப் பையன்கள் கேலி செய்வார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் இவ்வளவு பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் பார்ப்பேன்.

ஓசூர் குளிர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சமவெளியில் வளர்கிறதெல்லாம் இங்கே வளரும் என்று நட்டு ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சித்திரையில் திடீரென்று கருத்து, ஆலங்கட்டியோடு ஒரு மழை கொட்டும். அந்த ஈரத்தில் மண்ணைக் கொத்திப் போடுவேன். வைகாசி ஆனியில் சாமந்தி நாற்று. வேர் பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், பாவம் பார்த்தால் ஒற்றைக் குச்சியாக வளர்ந்து ஒரு பூ பூத்துவிட்டு நிற்கும். ஆடியில் அவரை, கத்தரி, மிளகாய், பீர்க்கு. ஆடிக் காற்று இங்கே ஆளையே தள்ளும், தக்காளிக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடுவது வீண் வேலை. ஐப்பசி மழையில் பாத்தியில் தண்ணீர் நிற்காமல் வழி வெட்டிவிட வேண்டும். மார்கழிப் பனியில் தக்காளி இலை கருகும், ஆனால் பீன்ஸும் காலிஃபிளவரும் கேரட்டும் அப்போதுதான் முகம் மலரும்.

இதெல்லாம் எந்த ஊரிலும் கொஞ்சம் முன்பின்னாக இருப்பதுதான். எங்கள் பக்கம் இன்னொரு பருவம் இருக்கிறது. ராகி முற்றுகிற நேரத்தில் கர்நாடகாக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கிச் சானமாவுக்கு வந்துவிடும். தை மாசி வரைக்கும் அந்தக் காட்டுக்கும் இந்தக் காட்டுக்கும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே இங்கே செடி தேர்ந்தெடுப்பது என்றால் யானையை மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும். வாழை ஆகாது. பலா ஆகாது. கரும்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். நானே விசாரித்து, நானே யோசித்து முடிவு செய்தேன். காட்டுப் பக்கத்து வேலி ஓரமாக எலுமிச்சை வைத்தேன். அதற்கு உள்ளே மிளகாய், அதை ஒட்டிச் செண்டுமல்லி. யானைக்குப் பிடிக்காத மணமும் காரமும் முன்னால், நமக்கு வேண்டியது உள்ளே. ஒரு கோட்டை கட்டியவளைப் போல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கோட்டைக்குள் நான் செய்த வேலையை இப்போது சொல்கிறேன். செடிக்கு மருந்து அடிக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். அதனால் பஞ்சகவ்யம் தயாரித்தேன். சாணி, கோமியம், பால், தயிர், நெய் என்று சேர்த்து, சீக்கிரம் புளிப்பதற்காக வெல்லமும் இளநீரும் கனிந்த வாழைப்பழமும் போட்டுக் கலக்கி, ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் ஊறவைத்தேன். வாசனை தெருவுக்கே வந்தது. "சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழ இதை வெச்சா நான் கம்பெனி கேண்டீன்லயே படுத்துக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். சரி என்று டிரம்மை உருட்டிக்கொண்டு போய், கொல்லையின் கடைசி மூலையில், காட்டைப் பார்த்து வைத்து, வாயில் ஒரு துணியைக் கட்டினேன். வாழை நட்டால் யானை வரும் என்று வாழையே வைக்காதவள், வாழைப்பழத்தை வெல்லத்தில் ஊறவைத்து, காட்டுக்குக் காற்று போகிற மூலையில் வைத்திருக்கிறேன். எலுமிச்சையும் மிளகாயும் செண்டுமல்லியும் அந்த டிரம்முக்கு மாலை போட்ட மாதிரி சுற்றி நின்றன.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை கொல்லைக் கதவைத் திறந்தேன். கம்பி வேலி பாத்தியின் மேல் படுத்திருந்தது. அவரைப் பந்தல் சரிந்திருந்தது. சாமந்திப் பாத்தியில் அன்னக்கூடை அளவுக்குக் குழி குழியாகக் கால் தடம். டிரம் பக்கத்து மனையில் நசுங்கிக் கிடந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. யானை என் செடி ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை. நான் கணக்குப் போட்டபடியே எலுமிச்சையையும் மிளகாயையும் ஒதுக்கிவிட்டு, விருந்துக்கு வந்தவரைப் போல நேராகப் போய் டிரம்மைக் காலி செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

சிரிப்பு சீக்கிரமே போய்விட்டது. திரும்பிப் போகும்போது அது எங்கள் தெரு நலச் சங்கத் தலைவர் வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் உரசியிருக்கிறது. சுவர் அவருடைய ஸ்கூட்டர் மேல் விழுந்து கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். இந்தப் பக்கத்தில் யானை மிதித்து ஆள் போன வீடுகள் இருக்கின்றன, அதை விளையாட்டாகப் பேச எனக்கு மனசு வராது. அன்றைக்கு நான் நிஜமாகவே பயந்தேன். வனத்துறை ஆட்கள் வந்து டிரம்மை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானே சொல்லிவிட்டேன், இதுதான் அதைக் கூப்பிட்டது, இனிமேல் இது இருக்காது என்று. அன்றைக்கே டிரம்மைப் பழைய சாமான் கடையில் போட்டாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோவில் வாசலில் சங்கம் கூடியது. தலைவர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பாகலூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். கெட்டவர் இல்லை, யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் நிற்பவர். அன்றைக்குச் சுவர் போன கோபத்தில் இருந்தார்.

"காட்டுப் பக்கம் இருக்கற கொல்லை எல்லாத்துக்கும் பேவர் பிளாக் கல்லு போட்டுடலாம். காய்கறி, பழம், எதுவும் வேணாம். மண்ணு இருந்தாத்தான நடுவீங்க" என்றார்.

காட்டுப் பக்கம் கொல்லை வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். 'எல்லாம்' என்று அவர் சொன்னது எனக்காகத்தான்.

"டிரம் தப்பு சார். எடுத்துப் போட்டுட்டேன். உங்க சுவத்துல என் பங்கு என்னான்னு சொல்லுங்க, கட்டித் தர்றோம். செடி என்ன பண்ணிச்சு? அது ஒரு இலையக்கூடத் தொடலயே" என்றேன்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா எனக்காக ஒரு வார்த்தை சொன்னார். "ஆனெ ஏனு மாடுத்தே பாப்பா, ஹசிவு. ஆனை என்ன பண்ணும், பசிக்கு வந்துச்சு, போச்சு. செடி மேல ஏன் கோவம்?" யாரும் காதில் வாங்கவில்லை.

தலைவர் குரலைத் தணித்தார். விட்டுக்கொடுக்கிறாராம். "சரிம்மா. உங்களுக்குச் செடி ஆசை இருக்குது, நான் இல்லன்னு சொல்லல. முன்னாடி வாசல்ல ரெண்டு தொட்டி வெச்சுக்கங்க. க்ரோட்டன்ஸ் வைங்க, பாம் வைங்க. என்ன வெக்கலாம்னு நாங்க சொல்றோம். அதை வெச்சுக்கிட்டுப் போங்க."

அதுவரைக்கும் நான் பயத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தில் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"என்ன நடணும்னு சொல்றதுக்கு எங்க வீட்டுக்கு எப்பவும் ஆளு இருந்துக்கிட்டேதான் இருந்தாங்க சார். என்னோட அது முடிஞ்சுது" என்றேன். "வாழை வெக்க மாட்டேன். பலா வெக்க மாட்டேன். அது ஆனைக்காக நான் எடுத்த முடிவு. கல்லு போட விட மாட்டேன். அதுவும் நான் எடுத்த முடிவுதான்."

வீட்டுக்காரர் என் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். வழியில் வரும்போது, "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்" என்றார். மெதுவாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் கல் இறங்கியிருக்கும் என்றேன். இறங்கத்தான் செய்தது. இரண்டொரு நாளில் ஒரு டிப்பர் வந்து எங்கள் கொல்லை வேலியை ஒட்டிப் பேவர் கற்களைக் கொட்டிவிட்டுப் போனது. கேட்டால், சங்கத்தின் தீர்மானமாம்.

கல் அங்கேயே கிடந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யானை மிதித்த பாத்திகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன், ஓரம் சரிந்து சரிந்து விழுந்தது. ஒரு கல்லை எடுத்து ஓரத்தில் நிறுத்திப் பார்த்தேன். கச்சிதமாக நின்றது. அப்புறம் யோசிக்கவில்லை. தினமும் முதுகு தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து எல்லாப் பாத்திக்கும் கரை கட்டிவிட்டேன். வேலை முடிந்த அன்றைக்குத் தலைவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார்.

"ஏம்மா, அது சங்கத்துக் கல்லு."

"என் வேலிக்கிட்ட நீங்கதான எறக்குனீங்க சார். வேணும்னா வந்து எடுத்துக்கங்க. பாத்திய மட்டும் மிதிக்காம எடுங்க."

யாரும் எடுக்க வரவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில், சங்கத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று முடிவு செய்தார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க மட்டும்தான். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் சங்கத்தின் போர்வெல்லிலிருந்துதான் வருகிறது. வேலியைத் தொடாமலே என் தோட்டத்தைக் கொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது, அதை யோசித்த மூளையை நான் மெச்சத்தான் வேண்டும்.

அந்தக் கோடையை நான் மறக்க மாட்டேன். குளித்த தண்ணீர், துணி அலசிய கடைசித் தண்ணீர், அரிசி கழுவியது, பருப்பு கழுவியது, பாத்திரம் விளக்கியது என்று ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகவிடவில்லை. குளியலறைக் குழாயைத் திருப்பிக் கல்வாழைக்கு விட்டேன், அது சோப்புத் தண்ணீருக்கு அசராத செடி. கல்வாழையில் குலை தள்ளாது, பயப்பட வேண்டாம் என்று அதையும் எட்டிப் பார்த்தவர்களிடம் நானே சொன்னேன். காய்ந்த இலை, தென்னை நார், கன்னடக்கார அக்கா கொடுத்த ராகி வைக்கோல் எல்லாவற்றையும் செடி மூட்டில் மெத்தையாகப் போட்டு மண்ணை வெயில் பார்க்காமல் மூடினேன். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து, "இப்ப நான் குளிக்கறது எனக்கா, கத்தரிச் செடிக்கா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிக்கொள்வார். குளிக்கத் தடை இல்லையே.

எல்லாம் பிழைக்கவில்லை. ரோஜா பாதி போனது. கீரைப் பாத்தி வெறும் மண்ணாகிவிட்டது. ஒவ்வொரு செடி கருகியபோதும் எனக்கு ஆத்திரமாக வந்தது, துக்கம் அப்புறம்தான் வந்தது. எலுமிச்சை தாக்குப்பிடித்தது. மிளகாய் இலை உதிர்த்துக் குச்சியாக நின்றது, முதல் மழை விழுந்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்தது. அந்தத் துளிரைப் பார்த்தபோது, சங்கத்து மோட்டார் ரூம் பக்கம் திரும்பி நின்று சிரித்தேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் கவலை இல்லை.

ஆடி பிறந்ததும் அம்மா ஊரிலிருந்து வந்தாள். நான் வீடு கட்டியதிலிருந்து அவள் வந்து தங்குவது அதுதான் முதல் தடவை. பையை உள்ளே வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரிப் பாத்தியில் குந்தி, களை பறிக்க ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். அவள் சட்டென்று எழுந்து, பாத்தியை விட்டு வெளியே வந்து, ஓரமாக நின்று இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினாள். அவள் கூலிக்குப் போன காட்டுக்காரர்கள் வீட்டில் வாங்குகிற மாதிரி.

"உக்காந்து குடிம்மா. இது நம்ம வீடு."

உட்கார்ந்தாள். எதிரே, கோடையில் காய்ந்துபோன கீரைப் பாத்தியைக் கொத்திப் பதமாக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல என்னா போடச் சொல்லிக்கிறாங்க?"

"யாரு?"

"மாப்ள. இல்லாட்டி அந்தச் சங்கத்து ஆளுங்க."

"யாரும் சொல்லலம்மா. நீ சொல்லு. என்ன போடலாம்?"

சிரித்தாள். "என்னையா கேக்கற பாப்பா?" என்றாள். உன்னைத்தான் என்றேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்க மண்ணைக் கிளறிய மனுஷி, ஒரு சின்னப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். அவளை ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டிய அத்தனை பேர் மேலும் எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுதித் தீர்க்க முடியாது.

ரொம்ப நேரம் கழித்து, பறித்துப் போட்ட களைக் குவியலிலிருந்து ஒரு சின்னச் செடியை எடுத்தாள். வேரில் இன்னும் ஈர மண் ஒட்டியிருந்தது. பண்ணைக்கீரை. ராகிக் காட்டிலும் கடலைக் காட்டிலும் தானாக முளைக்கிற களை.

"இதப் போடு."

"அது களைம்மா."

"களைதான். எனக்குத் தெரியாதா? எத்தினி பறிச்சிக்கிறேன். உட்டா மேலுக்கு ரோஸ் கலர்ல, வெள்ளையா, காத்துல ஆடிக்கினு பூக்கும். தப்பிச்சு நிக்கறது ஒண்ணு ரெண்டு வரப்பு ஓரத்துல பாப்பேன். அதுக்குள்ள காட்டுக்காரரு பாத்துட்டு, அதையும் புடுங்கும்பாரு. ஒரு பாத்தி முழுக்கப் பூத்து நான் பாத்ததில்ல. பாக்கணும்."

நான் குவியலைப் பாத்திக்குக் கொண்டுவந்தேன். வேர் அறாத செடியாகப் பொறுக்கி அவள் கொடுத்தாள், நான் குழி பறித்தேன். இத்தனை நாள் விரல் பிடுங்கிய செடியை அதே விரலால் மண்ணில் அழுத்தி வைத்தாள். சாண் இடைவெளி விட்டு, நூல் பிடித்த மாதிரி வரிசையாக வைத்தோம்.

பாதிப் பாத்தி முடிந்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் தலைவர் வந்து நின்றார். நிலம் வைத்திருக்கிற குடும்பத்து ஆள், இலையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்னாம்மா இது, களையப் போயி வரிசையா நட்டுக்கிட்டு இருக்கீங்க? யாரு இதையெல்லாம் போடச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா தலையை நிமிர்த்தினாள். எழுந்து நிற்கவில்லை. கையில் இருந்த செடியைக் குழியில் வைத்து மண்ணை அணைத்துக்கொண்டே சொன்னாள்.

"நாந்தான் போடச் சொன்னேன்."